உதவித்தொகை தாராளமாகக் கிடைக்கும் கல்லூரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், மதுரையின் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களைச் சுற்றி முளைக்கும் பதாகைகளில் ‘100 சதவீதம் ஸ்காலர்ஷிப்’ என்ற வரி தவறாமல் இடம்பெறும். எதில் நூறு சதவீதம், எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை பேருக்கு என்பது மட்டும் அங்கே இருக்காது. கல்விக் கட்டணத்தில் முழு விலக்கு அளித்துவிட்டு, சிறப்புக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் என்று வெவ்வேறு பெயர்களில் அதே தொகையை ஒரு கல்லூரியால் வாங்கிவிட முடியும். ரூ. 1,20,000 கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்யும் கல்லூரி ரூ. 60,000 வாங்குகிறது; தள்ளுபடிப் பேச்சே எடுக்காத பக்கத்துக் கல்லூரியின் கட்டணமே ரூ. 45,000 என்றால், இரண்டில் தாராளமானது எது என்பதைப் பதாகை சொல்லாது. ஆகவே கல்லூரி எவ்வளவு தருகிறது என்று கேட்பதற்கு முன், படிப்பு முடியும் வரை நம் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று கேட்க வேண்டும்.

முதலில், பணம் யாருடையது?

கல்லூரி அலுவலகத்தில் ‘ஸ்காலர்ஷிப் உண்டு’ என்று சொல்லும்போது அது அரசின் பணமா, கல்லூரியின் சொந்தப் பணமா, வெளி அறக்கட்டளையின் பணமா, அல்லது வங்கிக் கடனா என்பதைப் பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடனையும் உதவிக் கணக்கில் சேர்த்துப் பேசும் கல்லூரிகள் இருக்கின்றன. திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தை உதவி என்று எண்ணத் தேவையில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் உதவியில் பெரும்பகுதி அரசுடையதே. அந்தப் பணம் மாணவரைத் தொடர்ந்து வருவது. ஆனால் எந்த வாசல் வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறோம் என்பதைப் பொறுத்தே வரும்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் இழப்பு நேருவது இங்கேதான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை, பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் அரசு ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு உரியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2021 இல் தொழிற்கல்விப் படிப்புகளில் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் கீழ் சேர்ந்தால், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் அரசே ஏற்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், மாநகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதற்கு அரசுப் பள்ளிகளாகவே கருதப்படுகின்றன. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் அடங்கா. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதுவும், கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் (மேனேஜ்மென்ட் கோட்டா) சேர்ந்தவர்களுக்குக் கிடையாது.

இப்போது ஜூன் மாதத்தில் நடப்பதைப் பாருங்கள். கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு தரகர் வீடு தேடி வந்து, ‘இப்போதே முன்பணம் கட்டினால்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், நானே ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்’ என்கிறார். பெற்றோர் பயந்து நிர்வாக ஒதுக்கீட்டில் பணத்தைக் கட்டிவிடுகின்றனர். அந்தக் கணத்தில், அரசு தரவிருந்த சலுகைகளில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகின்றன. அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், கலந்தாய்வு வழியாக வந்து பக்கத்து இருக்கையில் அமரும் மாணவருக்கு அவை முழுமையாகக் கிடைக்கும். கலந்தாய்வில் இடம் கிடைக்கவே வாய்ப்பில்லை என்று உறுதியாகத் தெரியும் வரை நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் கட்டாமல் இருப்பது நல்லது.

கல்லூரி எதுவானாலும் நேராக மாணவரின் வங்கிக் கணக்கிற்கு வரும் உதவிகளும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோரும் இவற்றில் சேர்க்கப்பட்டுள்ளனர். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டம் அல்லது பட்டயப் படிப்பில் சேரும் மாணவியருக்கு பிரகதி என்ற பெயரிலும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம் என்ற பெயரிலும் ஆண்டுக்கு ரூ. 50,000 வழங்கப்படுகிறது, குடும்ப வருமான வரம்பு ரூ. 8 லட்சம் என்பதால், ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று ஒதுங்கிவிடும் நடுத்தரக் குடும்பங்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த கொத்தனார், சித்தாள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு வாரியம் கல்வி உதவி தருகிறது. முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் பிரதமர் கல்வி உதவித்தொகையையும் குறிப்பிட வேண்டும்: தொழிற்கல்வி படிக்கும் மகளுக்கு மாதம் ரூ. 3,000, மகனுக்கு ரூ. 2,500.

ஒரே வளாகம், இரண்டு கட்டணம்

கலை அறிவியல் படிப்புகளைத் தேடுவோர் கவனிக்க வேண்டியது, அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு. அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, மதுரைக் கல்லூரி, சௌராஷ்டிரா கல்லூரி ஆகிய பழைய கல்லூரிகளில் இந்த இரண்டு பிரிவுகளும் உண்டு. உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருவதால் கட்டணம் மிகக் குறைவு. சுயநிதிப் பிரிவில், மாணவரிடம் வாங்கும் பணத்திலிருந்தே எல்லாச் செலவும் நடக்க வேண்டும் என்பதால் கட்டணம் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. பட்டச் சான்றிதழில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. எனவே ‘அந்தக் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு’ என்று விசாரிப்பதில் பொருளில்லை. எந்தப் பாடம், எய்டடா செல்ஃபா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். விரும்பிய பாடம் சுயநிதியில் மட்டும் இருந்து, அதற்கு நெருங்கிய பாடம் உதவி பெறும் பிரிவில் இருந்தால், மூன்றாண்டுக் கட்டண வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது. வணிகவியலும் கணினி அறிவியலும் விரைவில் நிரம்பிவிடும். இயற்பியல், கணிதம், வரலாறு, தமிழ் போன்றவற்றில் உதவி பெறும் இடங்கள் பல நேரங்களில் எளிதாகக் கிடைக்கின்றன.

பொறியியலிலும் இதே நிலைதான். 1957 இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியில் உதவி பெறும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் இருக்கின்றன. கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூர்த்தி செய்யும்போது இரண்டையும் பிரித்தறிந்து வரிசைப்படுத்த வேண்டும். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, மதுரையிலுள்ள அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், திண்டுக்கல் சாலையில் மத்திய அரசு நிதியில் இயங்கும் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றை விளம்பரம் இல்லை என்பதற்காகவே பலர் மறந்துவிடுகின்றனர். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே வாங்கப்படுவதில்லை. அதைவிடத் தாராளமான உதவியைத் தனியார் கல்லூரி எதுவும் எளிதில் தந்துவிட முடியாது.

கல்லூரி தன் வாயால் சொன்ன கணக்கு

தனியார் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து உண்மையில் எவ்வளவு பேருக்கு உதவுகிறது என்பதை அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. தேசிய தரவரிசையான என்ஐஆர்எஃப் பட்டியலுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் சமர்ப்பித்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. முகப்புப் பக்கத்தின் அடியிலோ மேல் வரிசையிலோ ‘என்ஐஆர்எஃப்’ என்ற இணைப்பு இருக்கும். அந்தக் கோப்பில் மாணவர் எண்ணிக்கையைக் காட்டும் அட்டவணை ஒன்றில், முழுக் கல்விக் கட்டணத்தையும் மாநில, மத்திய அரசுகளிடமிருந்து பெற்றவர் எத்தனை பேர், கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து பெற்றவர் எத்தனை பேர், தனியார் அமைப்புகளிடமிருந்து பெற்றவர் எத்தனை பேர், எங்கிருந்தும் முழுக் கட்டணம் பெறாதவர் எத்தனை பேர் என்று நான்கு கட்டங்கள் தனித்தனியாக இருக்கும்.

ஒரு கல்லூரியின் நான்காண்டுப் படிப்பில் 2,000 பேர் படிப்பதாகவும், அரசு என்ற கட்டத்தில் 700 என்றும், கல்லூரியின் சொந்த நிதி என்ற கட்டத்தில் 6 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதாகையில் கோடிக்கணக்கில் உதவித்தொகை என்று எழுதியிருந்தாலும், அந்தக் கோடிகளைத் தந்தது பெரும்பாலும் அரசுதான் என்பது தெளிவாகிவிடும். அதே கட்டத்தில் 150 என்று இருந்தால், அந்தக் கல்லூரியின் அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்வருவது பயனுள்ளது. அட்டவணை முழுக் கட்டணம் பெற்றவர்களை மட்டுமே எண்ணுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாதிச் சலுகை பெற்றவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ள, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கு ஆண்டுதோறும் கல்லூரி அனுப்பும் தர அறிக்கையில் ஐந்தாவது பகுதியைப் பார்க்க வேண்டும். அரசு உதவி பெற்றோரையும் கல்லூரி உதவி பெற்றோரையும் அங்கே தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். ஏஐசிடிஇ கட்டாயமாக வெளியிடச் சொல்லும் ஆவணத்திலும் கட்டணச் சலுகை, உதவித்தொகை விதிமுறை, விடுதிச் செலவு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. அதே என்ஐஆர்எஃப் கோப்பில், வேலை பெற்ற பட்டதாரிகளின் இடைநிலை ஊதியமும் (ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) இருக்கும். கடன் வாங்கிப் படிக்க நினைப்போர் அந்த எண்ணைப் பார்க்காமல் வங்கிக்குப் போகக் கூடாது.

இந்த ஆவணங்கள் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இணையதளம் கொண்ட கல்லூரியை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்.

விடுதியும் பேருந்தும்

கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, மாதாந்திர விடுதிச் செலவில் அதை இழந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகள் நடத்தும் விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டது. இடங்கள் குறைவு என்பதால் கல்லூரியில் சேர்ந்த அதே வாரத்தில் விடுதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், திருமங்கலத்திலிருந்தோ திருப்பரங்குன்றத்திலிருந்தோ நகருக்குள் வந்து போகும் மாணவிக்குப் பயணச் செலவு ஏறக்குறைய இல்லை. கல்லூரிப் பேருந்தைக் கட்டாயமாக்கி, அதற்கு ஆண்டுக் கட்டணம் வாங்கும் கல்லூரியில் இந்தச் சேமிப்பு போய்விடும். சேரும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ்கள்

முடிவுகள் வெளிவந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும். வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பரிந்துரையைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் ஆக வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே; அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் அடுத்தவருக்குக் கிடைக்காது. உதவித்தொகை, மாணவரின் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கிற்கே வரும். அப்பாவின் கணக்கைக் கொடுத்தாலோ, ஆதாரில் ஒரு பெயரும் மதிப்பெண் பட்டியலில் வேறொரு பெயரும் இருந்தாலோ பணம் பல மாதங்கள் தேங்கிவிடும். இனிஷியலில் ஒரு புள்ளி மாறியதால் ஓராண்டு உதவித்தொகை தாமதமானவர்களை நம்மூரில் எளிதாகச் சந்திக்கலாம்.

மதுரைக்கு வெளியே

பெரிய பெயர்களைக் கண்டு விலகிப் போவதும் இழப்புதான். ஐஐடியில் இளநிலைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம் என்றாலும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆண்டு வருமானம் ரூ. 1 லட்சத்துக்குக் கீழ் உள்ள குடும்பத்தினர் ஆகியோருக்கு அது முழுமையாக விலக்கப்படுகிறது, ரூ. 1 லட்சம் முதல் ரூ. 5 லட்சம் வரை வருமானம் உள்ளோருக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. திருச்சி என்ஐடியிலும் இதே வகைச் சலுகை நடைமுறையில் உள்ளது. உசிலம்பட்டியில் டீக்கடை வைத்திருப்பவரின் மகளுக்கு, உள்ளூர்த் தனியார் கல்லூரியைவிட என்ஐடி மலிவாக முடியலாம் என்பதைப் பெற்றோர் பலர் நம்புவதில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களில், விஐடியின் ஸ்டார்ஸ் திட்டம் மாவட்டந்தோறும் அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் மாணவர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் படிப்பு, தங்குமிடம், உணவு ஆகிய மூன்றையும் இலவசமாகத் தருகிறது. அசோகா, அசிம் பிரேம்ஜி போன்ற பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கிட்டு உதவி வழங்குகின்றன. அங்கெல்லாம் அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடாமல், உதவிக்கான படிவத்தையும் நிரப்பிய பிறகு வரும் தொகையைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டத்தைப் போன்றவையும், உறவின்முறைகள், நகரத்தார் அறக்கட்டளைகள், மறைமாவட்டங்கள் போன்ற சமூக அமைப்புகளும் தரும் உதவிகளும் தனி. இவற்றில் பலவற்றுக்கு இணைய விளம்பரம் இருக்காது; ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும்தான் விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பை நினைப்போர் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற மிகச் சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்து, பின்னர் குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாங்களே ஏற்கின்றன. வேறு பல கல்லூரிகளில், உதவி கேட்பதே சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு இளநிலை மாணவருக்குப் பெரும்பாலும் சிறிதளவே தரும். அங்கும் கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதன் எச் பகுதியில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும். அறிவியல் பாடங்களில் பிஎச்டிக்குப் போவோருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத ஊதியமும் சேர்ந்தே கிடைப்பதால், காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி முடித்தவர்கள் கடன் வாங்கி இரண்டாவது முதுநிலைக்குப் போகும் முன் அந்த வழியைப் பார்ப்பது நல்லது.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

இறுதியாக இரண்டு அல்லது மூன்று கல்லூரிகள் மிஞ்சும்போது, முதலாண்டு முதல் கடைசி ஆண்டு வரை கட்டணத்தை ஆண்டுவாரியாக எழுதித் தரும்படி கேளுங்கள். சலுகை அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் சலுகை ரத்தாகுமா, அரசின் உதவித்தொகை வரத் தாமதமானால் அதுவரை மாணவரிடம் கட்டணம் கேட்பார்களா, வந்த பிறகு அதைத் திருப்பித் தருவார்களா ஆகியவற்றையும் எழுத்தில் பெற வேண்டும். வாயால் தந்த உறுதியை எழுதித் தர மறுத்தால், அதை இல்லாததாகவே வைத்துக் கணக்கிடலாம். அதே பாடப்பிரிவில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரை வாசலில் சந்தித்து, முதலாண்டில் சொன்ன சலுகை இப்போதும் வருகிறதா என்று கேட்பது, அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிடப் பயன் தரும்.

இதற்குப் பிறகும் மிஞ்சும் தொகைக்கே கடன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையமும் உத்தரவாததாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ரூ. 8 லட்சம் வரை இருந்தால் ரூ. 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

ஒரு கல்லூரியில் சேர்ந்த பின் வேறொன்றில் நல்ல உதவியுடன் இடம் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் விதி; விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கான கடைசி நாட்களையும் யூஜிசி அறிவிக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பாக விலகல் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.